தாளில் ஒரு வேகம், திரையில் ஒரு வேகம்

என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு 2020 செப்டம்பர் 17 அன்று விற்பனைக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, ஏஎம்டி நிறுவனம் அதற்குப் போட்டியாக ரேடியான் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி கார்டை இறக்கியது. முன்னதற்கு அறிவித்த விலை 699 டாலர், பின்னதற்கு 649 டாலர். இரு நிறுவனங்களும் வெளியிட்ட விவரப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால், 3080-இன் கணக்கீட்டுத் திறன் 44 சதவீதம் அதிகம். ஆனால் விளையாட்டுகளை ஓட்டி அளந்தபோது, பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் இடையே சில சதவீத வித்தியாசம்தான் இருந்தது. சில விளையாட்டுகளில் 6800 எக்ஸ்டி முந்தியது. வேறு சில வேலைகளில் 3080 எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போனது. கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும்போது எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு இந்த இரண்டும் நல்ல பாடம்.

கார்டின் வேலை

கணினித் திரையில் தெரியும் படம் பிக்சல் என்னும் சிறு புள்ளிகளால் ஆனது. 1080பி எனப்படும் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் 36,86,400, 4கே திரையில் 82,94,400. ஒரு விளையாட்டு சீராக ஓட, இந்தப் படத்தை நொடிக்குக் குறைந்தது 60 முறையாவது புதிதாக வரைய வேண்டும். அப்படியானால் 4கே திரைக்கு நொடிக்கு 49 கோடிப் புள்ளிகளுக்கு மேல் நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு புள்ளியின் நிறமும் ஒரே கணக்கில் முடிவதில்லை. அந்தப் பொருளின் மேற்பரப்பு எப்படிப்பட்டது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்றையொன்று சாராத இத்தனை கணக்குகளை ஒரே நேரத்தில் போடுவதற்காகவே கிராஃபிக்ஸ் சிப்பில் ஆயிரக்கணக்கான சிறு கோர்கள் வைக்கப்படுகின்றன. அவற்றோடு படத்தின் மேற்பரப்பு விவரங்களை எடுத்துத் தரும் டெக்ஸ்சர் அலகுகள், முடிந்த புள்ளிகளை நினைவகத்தில் எழுதும் அலகுகள், தரவைச் சேமிக்கும் நினைவகம், அந்த நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவிலான பாதை ஆகியவையும் சேர்ந்ததுதான் கார்டு. இவற்றில் எந்த ஒன்று பின்தங்கினாலும் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான்.

விவரப் பட்டியல் சொல்வது

3080-இல் இருப்பது ஜிஏ102 என்னும் சிப். சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் தயாரானது. பரப்பு 628 சதுர மில்லிமீட்டர், டிரான்சிஸ்டர்கள் 2,830 கோடி. கோர்கள் 8,704. வேகம் 1.71 கிகாஹெர்ட்ஸ் வரை. நினைவகம் 10 ஜிபி.

6800 எக்ஸ்டி-இல் இருப்பது நேவி 21 சிப். தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 7 நானோமீட்டர் முறையில் தயாரித்தது. பரப்பு 520 சதுர மில்லிமீட்டர், டிரான்சிஸ்டர்கள் 2,680 கோடி. கோர்கள் 4,608 மட்டுமே. ஆனால் வேகம் 2.25 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். நினைவகம் 16 ஜிபி.

டெராஃபிளாப்ஸ் என்று விளம்பரங்களில் வரும் அளவு இந்த எண்களிலிருந்து பிறப்பதுதான். கோர்களின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி, ஒரு சுற்றில் ஒரு கோர் இரண்டு கணக்கு செய்யும் என்பதால் அதை இரண்டால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 3080-க்கு 29.8, 6800 எக்ஸ்டி-க்கு 20.7. நினைவகப் பாதையிலும் 3080-க்கே முன்னிலை. அதன் பாதை 320 பிட் அகலம், நொடிக்கு 760 ஜிபி தரவு போகும். மற்றதன் பாதை 256 பிட், 512 ஜிபி.

இதே பட்டியலில் வேறு இரண்டு வரிகளைப் படித்தால் தீர்ப்பு தலைகீழாகும். முடிந்த புள்ளிகளை எழுதும் அலகுகள் 3080-இல் 96, 6800 எக்ஸ்டி-இல் 128. வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால், நொடிக்கு எழுதக்கூடிய புள்ளிகள் 16,400 கோடிக்கு எதிராக 28,800 கோடி. டெக்ஸ்சர் அலகுகளிலும் 272-க்கு எதிராக 288 என்று ஏஎம்டியே முன்னால் நிற்கிறது. ஆக இரண்டு வரிகள் 3080 மிக வேகமானது என்கின்றன, இன்னும் இரண்டு வரிகள் 6800 எக்ஸ்டி மிக வேகமானது என்கின்றன. ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வந்தால் அந்த முடிவு தவறாகத்தான் இருக்கும்.

கோர் என்றால் எது?

கோர்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல், எதைக் கோர் என்று எண்ணுவது என்பது. இதற்கு ஏஎம்டி வரை போக வேண்டாம், என்விடியாவின் முந்தைய தலைமுறையே போதும். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டில் 4,352 கோர்கள். 3080-இல் 8,704, அதாவது சரியாக இரண்டு மடங்கு. ஆனால் 4கே விளையாட்டுகளில் கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய 30 சதவீதம்தான்.

காரணம் எண்ணும் முறையில் இருக்கிறது. பழைய சிப்பில் தசம எண் கணக்குகளுக்கு ஒரு வரிசையும் முழு எண் கணக்குகளுக்குத் தனி வரிசையும் இருந்தன. தசம எண் வரிசையை மட்டுமே கோர் என்று எண்ணினார்கள். புதிய சிப்பில் இரண்டாவது வரிசைக்கும் தசம எண் கணக்குப் போடும் திறன் வந்தது, அதனால் அதுவும் கணக்கில் ஏறியது. ஆனால் முழு எண் கணக்கு வரும்போது அந்த வரிசை அதற்குத்தான் போயாக வேண்டும். விளையாட்டுகளில் 100 தசம எண் கணக்குகளுக்குச் சராசரியாக 36 முழு எண் கணக்குகள் வருவதாக என்விடியாவே முன்பு விளக்கியிருந்தது. அந்த அளவு வேலைக்கு இரண்டாவது வரிசையின் கணிசமான பகுதி போய்விடும். அதோடு டெக்ஸ்சர் அலகுகள் போன்ற சுற்றியுள்ள உறுப்புகள் இரண்டு மடங்காகவில்லை. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளிலேயே கோர் எண்ணிக்கைக்கு ஒரே பொருள் இல்லாதபோது, இரண்டு நிறுவனங்களின் எண்களை எதிரெதிரே வைப்பதில் பயன் இல்லை. ஒரே தலைமுறையில், ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்டுகளுக்கு நடுவே மட்டும் அந்த ஒப்பீடு ஓரளவு உதவும்.

நினைவகப் பாதைக்கும் இதே கதைதான். 512 ஜிபி என்பது 760-ஐவிட மிகக் குறைவு. ஆனால் ஏஎம்டி தன் சிப்புக்குள்ளேயே 128 எம்பி கேச் ஒன்றைப் பதித்து, அதற்கு இன்ஃபினிட்டி கேச் என்று பெயரிட்டது. அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கே நிற்கும். சரக்கறைக்குப் போகாமல் அடுப்புப் பக்கத்து அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகு எடுப்பதைப் போல, சிப் வெளி நினைவகத்துக்குப் போகாமலே வேலையை முடித்துக்கொள்ளும். 4கே திரையில் தேவைப்படும் தரவில் ஏறக்குறைய 58 சதவீதம் இந்தக் கேச்சிலேயே கிடைத்துவிடும் என்று ஏஎம்டி சொன்னது. சிறிய திரைகளில் அந்த விகிதம் இன்னும் கூடும். இந்தக் குறிப்பு பின்னால் வரும் முடிவுகளைப் புரிந்துகொள்ள உதவும்.

நொடிக்கு எத்தனை படம்?

விவரப் பட்டியல் கைகொடுக்காததால் அளந்து பார்ப்பதுதான் வழி. அளவீட்டின் அடிப்படை அலகு எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கை. ஒரே கணினியில், அதே பிராசஸர், அதே ரேம், அதே விளையாட்டுக் காட்சி, அதே பட அமைப்புகளோடு கார்டை மட்டும் மாற்றிப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் பலமுறை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள்.

பல ஆண்டுகள் இந்தச் சராசரி ஒன்றே போதும் என்று கருதப்பட்டது. 2011-இல் தி டெக் ரிப்போர்ட் இணைய இதழின் ஸ்காட் வாசன், நொடிக்குள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்னதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு நொடியில் 60 ஃபிரேம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 16.7 மில்லிவினாடி எடுத்திருந்தால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். அவற்றில் 59 ஃபிரேம்கள் 14 மில்லிவினாடியில் முடிந்து, ஒன்று மட்டும் 174 மில்லிவினாடி எடுத்திருந்தாலும் மொத்தம் அதே ஒரு நொடிதான், சராசரியும் அதே 60 தான். ஆனால் ஆடுபவரின் கண்ணுக்குப் படம் ஒரு கணம் திக்கித் தெரியும். சுடும் ஆட்டத்தில் அந்தக் கணம் போதும், எதிராளி ஜெயித்துவிடுவார்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைப் பதிவு செய்து, மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் அளவையும் தனியாகக் கொடுக்கும் வழக்கம் பரவியது. இதைத்தான் ‘1 சதவீத லோ’ என்பார்கள். சராசரியில் இரண்டு கார்டுகள் சமமாக இருந்து, இந்த எண்ணில் ஒன்று தெளிவாக மேலிருந்தால், கையாளும்போது அந்தக் கார்டே நன்றாக இருக்கும்.

திரை மாறினால் முடிவும் மாறும்

கார்டு படம் வரைவதற்கு முன், யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொருள் எங்கே நகர்ந்தது என்று பிராசஸர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 1080பி திரையில் இப்படிப்பட்ட வேகமான கார்டுகள் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் பிராசஸருக்காகக் காத்திருக்கும். அப்போது இரண்டு கார்டும் ஒரே எண்ணைக் காட்டும். அந்த எண் பிராசஸரின் வேகமே தவிர, கார்டின் வேகம் ஆகாது. 4கே திரையிலோ புள்ளிகள் நான்கு மடங்கு. சுமை முழுவதும் கார்டின் மேல் விழும். அதனால் கார்டின் உண்மைத் திறனை அறிய உயர்ந்த ரெசல்யூஷனில் சோதிப்பார்கள். வாங்குபவர் மட்டும் தன் வீட்டுத் திரை எதுவோ அதற்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

3080-க்கும் 6800 எக்ஸ்டி-க்கும் இந்த விதி கண்கூடாகப் பொருந்தியது. 1080பி, 1440பி திரைகளில் இரண்டும் சமம், சில சோதனைகளில் ஏஎம்டி சற்று முன்னால். 4கே-க்குப் போனதும் 3080 சராசரியாக 5 சதவீதம் அளவுக்கு முந்தியது. திரை பெரிதாகும்போது கேச்சில் கிடைக்கும் தரவின் பங்கு குறைந்து வெளி நினைவகத்தின் தேவை கூடுகிறது. அங்கே 760 ஜிபி பாதை தன் பலனைக் காட்டுகிறது. சுமை கூடக்கூட 3080-இன் ஏராளமான கோர்களுக்கும் போதுமான வேலை கிடைக்கிறது.

விளையாட்டுக்கு விளையாட்டும் முடிவு மாறும். 2020 நவம்பரில் வந்த அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவில் 6800 எக்ஸ்டி தெளிவாக முன்னால் நின்றது. அந்த விளையாட்டின் தயாரிப்பில் ஏஎம்டி கூட்டாளி. என்விடியாவோடு சேர்ந்து தயாரான விளையாட்டுகளில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. ஒரே விளையாட்டின் முடிவைக் காட்டி ‘இதுவே வேகமானது’ என்று சொல்பவர், தனக்குப் பிடித்த முடிவைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு உண்டு. பத்து, இருபது விளையாட்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

சேர்த்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு விளையாட்டில் முதல் கார்டு 400, இரண்டாவது 300 ஃபிரேம் தருவதாகவும், இன்னொன்றில் முதலாவது 60, இரண்டாவது 75 தருவதாகவும் கொள்வோம். சாதாரணச் சராசரி எடுத்தால் 230-க்கு எதிராக 187.5, முதல் கார்டு ஏறக்குறைய 23 சதவீதம் வேகம் என்று தோன்றும். 400 என்ற பெரிய எண் மற்றதை விழுங்கிவிட்டது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியில் 155-க்கு எதிராக 150, வித்தியாசம் 3 சதவீதம்தான். ஒவ்வொரு விளையாட்டுக்கும் சம மதிப்பு கொடுக்கும் இந்த இரண்டாவது முறையே சரியானது.

ஒளிக்கதிரைப் பின்தொடர்தல்

இதுவரை பார்த்த சமநிலை, ரே டிரேசிங்கை இயக்கியதும் குலைந்துவிடும். வழக்கமான முறையில் நிழலும் பிரதிபலிப்பும் பல உத்திகளால் ஒப்பேற்றப்படுகின்றன. ரே டிரேசிங்கில் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எந்தப் பொருளில் பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடப்படுகிறது. காட்சியில் உள்ள இலட்சக்கணக்கான முக்கோணங்களில் கதிர் எதைத் தொடும் என்று தேடிக் கண்டுபிடிப்பதே இதில் பெரிய வேலை. காட்சியைப் பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்துவைத்து, கதிர் படாத பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே போவது வழக்கமான வழி.

என்விடியாவின் ஆர்டி கோர்கள் பெட்டி பெட்டியாக இறங்கித் தேடுவதையும், முக்கோணத்தில் படுகிறதா என்று பார்ப்பதையும் தாங்களே செய்துவிடும். 3080-இல் இப்படி 68 கோர்கள். ஏஎம்டி கார்டில் 72 ரே ஆக்சிலரேட்டர்கள் இருந்தன. அவை கதிர் படுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அடுத்து எந்தப் பெட்டிக்குப் போவது என்ற தேடலைப் பொதுக் கோர்களே செய்ய வேண்டியிருந்தது. எண்ணிக்கை கூடுதலாக இருந்தும் வேகம் குறைந்ததற்கு இந்த வேலைப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம். ரே டிரேசிங்கைக் கொஞ்சமாகப் பயன்படுத்தும் விளையாட்டுகளில் வித்தியாசம் சிறியது. கன்ட்ரோல், சைபர்பங்க் 2077 போன்றவற்றில் 3080 பெரிய இடைவெளியில் முந்தியது. காட்சி முழுவதையும் ஒளிக்கதிர்களாலேயே வரையும் மைன்கிராஃப்ட் ஆர்டிஎக்ஸ் பதிப்பில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் வெளிவந்தபோது ஏஎம்டி கார்டுகளில் ரே டிரேசிங்கை இயக்கவே வழியில்லை. அது 2021 மார்ச் மாத இறுதியில் வந்த 1.2 பதிப்பில்தான் கிடைத்தது.

இதோடு சேர்ந்தது டிஎல்எஸ்எஸ். படத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து, செயற்கை நுண்ணறிவின் உதவியால் பெரிதாக்கித் தெளிவாகக் காட்டும் என்விடியா உத்தி இது. இதன் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது. ஏஎம்டியின் பதிலான எஃப்எஸ்ஆர் 2021 ஜூனில் வந்தது. படத் தரத்தில் டிஎல்எஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டக்கூடிய அதன் இரண்டாம் பதிப்பு வர 2022 மே ஆயிற்று. எஃப்எஸ்ஆரின் இந்த இரண்டு பதிப்புகளும் இரண்டு நிறுவனக் கார்டுகளிலும் ஓடும், டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும். ஒப்பீடுகளைப் படிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கார்டை இந்த உத்தியோடும் மற்றதை அது இல்லாமலும் ஓட்டி எண்களை அருகருகே வைத்தால், இரண்டு கார்டும் செய்த வேலை ஒன்றே ஆகாது.

சோதனைக்கென்றே எழுதிய மென்பொருள்

விளையாட்டுகள் தவிர, வேகத்தை அளப்பதற்கென்றே எழுதப்பட்ட பெஞ்ச்மார்க் மென்பொருள்களும் உண்டு. பின்லாந்தில் பிறந்த 3டிமார்க் இவற்றில் பெயர்பெற்றது. எல்லாக் கணினியிலும் ஒரே காட்சியை ஓட்டி ஒரு மதிப்பெண் தருவதால் ஒப்பிடுவது எளிது. ஆனால் அதற்குள்ளேயே பல சோதனைகள் இருக்கின்றன. பழைய டைரக்ட்எக்ஸ் 11 முறையைச் சோதிக்கும் ஃபயர் ஸ்டிரைக்கில் 6800 எக்ஸ்டி முந்தும். ரே டிரேசிங்கைச் சோதிக்கும் போர்ட் ராயலில் 3080 முந்தும். ‘3டிமார்க்கில் இதுதான் அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை.

முன்கூட்டியே தெரிந்த தேர்வுத்தாளுக்குத் தயார்செய்வது எளிது என்ற ஆபத்தும் இதில் உண்டு. 2001-இல், பின்னாளில் ஏஎம்டியோடு இணைந்த ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), குவேக் 3 என்ற விளையாட்டைப் பெயரைக்கொண்டே அடையாளம் கண்டு படத் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. விளையாட்டின் கோப்புப் பெயரை ‘குவாக்’ என்று மாற்றியதும் வேகம் குறைந்தது, படம் தெளிந்தது. 2003-இல் என்விடியாவின் முறை வந்தது. 3டிமார்க் 03 சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில் போகும் என்பதால், பார்வைக்கு வராத பகுதிகளை வரையாமல் தவிர்க்கும்படி டிரைவர் எழுதப்பட்டிருந்ததைச் சோதனையாளர்கள் கண்டுபிடித்தனர். 3டிமார்க்கைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் அந்த ஓட்டைகளை அடைத்துப் புதிய பதிப்பை வெளியிட்டபோது, ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் ஏறக்குறைய 24 சதவீதம் சரிந்தது. இன்று பொறுப்புள்ள சோதனையாளர்கள் விளையாட்டோடு வரும் ஆயத்தச் சோதனையை மட்டும் நம்பாமல், தாங்களே ஆடிப் பதிவு செய்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

விளையாட்டைத் தாண்டி

அதே இரண்டு கார்டுகளை வேறு வேலைக்கு வைத்தால் ஒப்பீடு முற்றிலும் வேறாகும். 2021-இல் உலகமெங்கும் இந்தக் கார்டுகள் எத்தீரியம் என்னும் மெய்நிகர் நாணயத்தைத் தோண்டுவதற்காக, அதாவது கணக்குப் போட்டுச் சம்பாதிப்பதற்காக, வாங்கிக் குவிக்கப்பட்டன. அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்த வேலையில் 3080 நொடிக்கு ஏறக்குறைய 10 கோடி ஹாஷ் கணக்கிட்டது. 6800 எக்ஸ்டி 6 கோடியைச் சற்றுத் தாண்டியது. இந்த விகிதம் இரண்டின் நினைவகப் பாதை விகிதத்தை ஒட்டியே இருப்பது தற்செயல் அன்று. எத்தீரியம் கணக்கு, 4 ஜிபிக்கு மேற்பட்ட தரவில் கண்டபடி அங்குமிங்கும் தாவிப் படிக்கும். 128 எம்பி கேச்சில் அந்தத் தரவு சிக்கவே சிக்காது. விளையாட்டில் ஏஎம்டியைக் காப்பாற்றிய அதே கேச் இங்கே பயனற்றுப் போனது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த நாணயத்தைக் கார்டுகளை வைத்துத் தோண்டும் தொழில் நின்றது.

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் படம் உருவாக்குவோருக்கும் 3080 வெகுதூரம் முன்னால். அங்கே தசம எண் கணக்கே பிரதானம் என்பதால் 8,704 கோர்களுக்கும் வேலை கிடைக்கிறது, ஆர்டி கோர்களும் கைகொடுக்கின்றன. செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கு வேகத்தைவிட மென்பொருளே முதல் கேள்வி. என்விடியாவின் கூடா (CUDA) என்னும் மென்பொருள் தளத்தை மனதில் வைத்தே பெரும்பாலான கருவிகள் எழுதப்பட்டுள்ளன. அவை ஓடாத கார்டில் வேக ஒப்பீட்டுக்கே இடமில்லை.

மின்சாரமும் வெப்பமும்

3080-இன் மின் அளவு 320 வாட், 6800 எக்ஸ்டி-இன் அளவு 300 வாட். இரண்டுக்கும் 750 வாட் பவர் சப்ளையை நிறுவனங்கள் பரிந்துரைத்தன. விளையாட்டில் வேகம் சமமாக இருக்கும் இடங்களில், குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்த ஏஎம்டிக்கே ஒரு வாட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கில் முதலிடம்.

கார்டு எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறும். இக்காலக் கார்டுகள் வெப்பநிலையைப் பார்த்துத் தங்கள் வேகத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்பவை. பெட்டியில் எழுதியிருக்கும் கிகாஹெர்ட்ஸ், நிலைமை ஒத்துழைத்தால் எட்டக்கூடிய அளவு. குளிரூட்டிய சோதனை அறையில் எடுத்த எண், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே சிப்பை வாங்கிப் பல நிறுவனங்கள் கார்டு தயாரிப்பதால், மூன்று விசிறியும் கனமான வெப்பக் கடத்தியும் கொண்ட கார்டு இங்கே கூடுதல் விலைக்குத் தகுதியானதாகலாம். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேக வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதத்துக்குள்தான். விசிறிச் சத்தத்திலும் சூட்டிலும்தான் பெரிய வேறுபாடு தெரியும்.

காலம் தரும் தீர்ப்பு

வெளியான வாரத்தில் எடுத்த அளவீடு, மூன்று ஆண்டுகள் கழித்து அப்படியே நிற்பதில்லை. டிரைவர் மேம்படும். புதிய வசதிகள் வரும். பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவும் வசதியை ஏஎம்டி 6800 எக்ஸ்டி-யோடு கொண்டுவந்தது. என்விடியா அதை 3080 அடங்கிய 30 வரிசைக் கார்டுகளுக்கு 2021 மார்ச் மாத இறுதியில் விரிவுபடுத்தியது. அதற்கு முன் எடுத்த ஒப்பீடுகளில் சில விளையாட்டுகளின் எண்கள் அதன் பிறகு மாறின.

நினைவக அளவின் விளைவும் மெதுவாகத்தான் வெளிப்படும். 10 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் 2020 விளையாட்டுகளில் ஏறக்குறைய தெரியவே இல்லை. கார்டின் நினைவகம் நிரம்பாதவரை மீதி இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகம் ஒன்றுதான். நிரம்பிய கணத்தில், தரவைக் கணினியின் ரேமிலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கும். அந்தப் பாதை பல மடங்கு மெதுவானது. அப்போது சராசரி அவ்வளவாகக் குறையாது, 1 சதவீத லோ மட்டும் பாதாளத்துக்குப் போகும். சில விளையாட்டுகளில் படம் திக்காது, ஆனால் சுவரும் தரையும் மங்கலாகவே நிற்கும். எஃப்பிஎஸ் எண்ணில் இது பதிவாகவே ஆகாது. 2023-இல் வந்த பெரிய விளையாட்டுகள் பல, உயர்ந்த அமைப்புகளில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்தன. 16 ஜிபியின் அருமை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

ஒரே பெயர், வேறு கார்டு

ஒப்பீட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டிய கடைசி விஷயம் பெயர். 2022 ஜனவரியில் ‘3080’ என்ற அதே பெயரில் 12 ஜிபி கார்டு ஒன்று வந்தது. அதில் 8,960 கோர்கள், நினைவகப் பாதை 384 பிட். லேப்டாப்பில் வந்த ‘3080’-க்கோ உள்ளே இருப்பது வேறு சிப், கோர்கள் 6,144 மட்டுமே. லேப்டாப் தயாரிப்பாளர் ஒதுக்கும் மின்சாரத்தைப் பொறுத்து அதன் வேகமும் மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு முன்பும் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு கார்டுகள் விற்றன. 3 ஜிபி கார்டில் நினைவகத்தோடு கோர்களும் 1,280-லிருந்து 1,152 ஆகக் குறைந்திருந்தன. எந்த அளவீடு எந்தக் கார்டுக்கு உரியது என்று முழுப் பெயரையும் நினைவக அளவையும் வைத்துச் சரிபார்க்காவிட்டால், படித்த ஒப்பீடு வாங்கிய பொருளுக்குப் பொருந்தாமல் போகும்.

விலையையும் அன்றைய கடை விலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டின் விலையை அது தரும் சராசரி ஃபிரேம்களால் வகுத்தால், ஒரு ஃபிரேமுக்கு என்ன விலை என்று தெரியும். அறிவித்த விலையில் 50 டாலர் குறைவான 6800 எக்ஸ்டி-க்கு 1440பி திரையில் இந்தக் கணக்கு சாதகம். தட்டுப்பாட்டுக் காலத்தில் அறிவித்த விலை காகிதத்தோடு நின்றுவிட்டதால், அந்தச் சாதகம் பல மாதங்கள் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டு கார்டுகளின் ஒப்பீடு ஒரு வரியில் அடங்காது. நான்கு வரிகள் வேண்டும். 1440பி திரையில் வழக்கமான விளையாட்டுகளுக்கு இரண்டும் சமம், விலையிலும் மின்சாரத்திலும் 6800 எக்ஸ்டி இலாபம். 4கே திரையில் 3080 கொஞ்சம் முன்னால். ரே டிரேசிங்குக்கும் பிளெண்டருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் 3080-ஐத் தவிர வேறு பேச்சில்லை. நினைவகத்தை அதிகம் கேட்கும் விளையாட்டுகளோடு பல ஆண்டுகள் ஓட்டுவதற்கு 16 ஜிபி உள்ள 6800 எக்ஸ்டி பாதுகாப்பு. வேறு எந்த இரண்டு கார்டுகளை எடுத்தாலும் பதில்கள் மாறலாம். ஆனால் என்ன வேலை, எந்தத் திரை, எந்த விலை என்ற கேள்விகளை முதலில் கேட்காமல் ‘எது வேகம்’ என்று மட்டும் கேட்டால், கிடைக்கும் விடை வாங்குபவருக்கு உதவாது.